எலிசபெத் டில்லியின் அப்பாவும் அம்மாவும்

மசாசூசெட்ஸ் மாநிலத்துப் பிளிமத் ஊரில் கடலைப் பார்த்தபடி ஒரு மேடு இருக்கிறது. பரியல் ஹில் என்பார்கள், பழைய இடுகாடு. 1620ல் இங்கிலாந்திலிருந்து குடியேறிகளை ஏற்றிவந்த மேஃப்ளவர் கப்பலில் வந்து இறங்கிய ஜான் ஹவ்லண்டுக்கு, அவர் வழிவந்த ஒருவர் 1830களில் அங்கே ஒரு கல் வைத்தார். ஹவ்லண்ட் இறந்து நூற்றறுபது வருஷம் ஆன பிறகு வைத்த கல் அது. ஆளுநர் கார்வரின் மகளைக் கல்யாணம் செய்தவர் என்று அதில் வெட்டியிருந்தது. ஜான் கார்வர் என்பவர் பிளிமத் குடியேற்றத்தின் முதல் ஆளுநர். அந்தக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த கதைதான் கல்லிலும் ஏறியது. சில கிளைகளில் மகள் என்பார்கள், சில கிளைகளில் பேத்தி என்பார்கள். ஹவ்லண்ட் கார்வர் வீட்டு வேலையாளாகக் கப்பலேறியவர். வேலையாளுக்கே எஜமான் தன் பெண்ணைக் கொடுத்தார் என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் கார்வருக்கு அந்தக் கப்பலில் மகளும் இல்லை, பேத்தியும் இல்லை. ஹவ்லண்டின் மனைவி எலிசபெத், ஜான் டில்லி என்ற சாதாரண மனிதரின் மகள். கரையிறங்கிய முதல் குளிர்காலத்திலேயே அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி என்று நான்கு பேரையும் பறிகொடுத்துவிட்டுப் பதின்மூன்று வயதில் தனியாக நின்ற பெண். அவளுடைய சந்ததியே அவளுக்கு வேறொரு அப்பாவைக் கொடுத்து வைத்திருந்தது. நோயில் செத்துப்போன அந்த இரண்டு பேருக்கும் இந்தக் கரையில் இருந்த ஒரே அடையாளம் இந்த மகள்தான். அவளையும் ஆளுநருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இதை முதலில் படித்தபோது எனக்கு வந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

எனக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். என் பெண்ணைக் கொடுத்திருப்பது இங்கே மசாசூசெட்ஸில், ஒரு அமெரிக்கக் குடும்பத்தில். மாப்பிள்ளையின் அம்மா, என் சம்பந்தி, ஹவ்லண்ட் வழியில் வந்தவர் என்று அவர்கள் வீட்டில் பேச்சு உண்டு. இப்படிப்பட்ட பேச்சு இந்த நாட்டில் ஏராளமான வீடுகளில் உண்டு, அதில் ஆச்சரியம் இல்லை. ஹவ்லண்டுக்கும் எலிசபெத்துக்கும் பத்துப் பிள்ளைகள், பத்தும் பெரியவர்களாகிக் குடும்பம் நடத்தி, பேரப்பிள்ளைகள் எண்பதுக்கும் மேல். பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், புஷ் அப்பாவும் பிள்ளையும், நடிகர் ஹம்ஃப்ரி போகார்ட் எல்லாரும் அந்த வரிசையில் வருகிறார்கள். பேத்தி பிறந்த பிறகு, பேச்சாக இருப்பதை ஆதாரத்தோடு எழுதி வைத்துவிட வேண்டும் என்று சம்பந்தியம்மாவுக்கு ஆசை வந்தது. நான் சார்பதிவாளர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சொத்து வாங்குகிறவர் தாய்ப்பத்திரம் வரை பின்னோக்கிப் போய், நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போகாமல் பார்ப்பதுபோலத்தான் இதுவும் என்று அவரிடம் சொன்னேன். அன்றிலிருந்து சேர்ந்து தேட ஆரம்பித்தோம்.

எலிசபெத்தின் கதை திருந்திய விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கார்வருக்குப் பிறகு ஆளுநரான வில்லியம் பிராட்ஃபோர்ட், பிளிமத் குடியேற்றத்தின் வரலாற்றை 1630ல் எழுதத் தொடங்கி, இருபது வருஷம் விட்டு விட்டு எழுதினார். அவர் காலத்தில் அது அச்சாகவில்லை. கையெழுத்துப் பிரதி குடும்பத்தில் கைமாறி, கடைசியில் பாஸ்டன் ஓல்டு சவுத் தேவாலயத்தில் சேர்த்து வைத்திருந்த ஒரு நூலகத்துக்குப் போனது. அமெரிக்கப் புரட்சிப் போர்க் காலத்தில் அங்கிருந்து காணாமல் போய்விட்டது. பிறகு 1855ல், ஆங்கிலேய பிஷப் ஒருவர் எழுதிய புத்தகத்தைப் பாஸ்டனில் படித்தவர்கள் சிலர், அதில் வரும் மேற்கோள்கள் பிராட்ஃபோர்டின் எழுத்துதான் என்று கண்டுபிடித்தார்கள். விசாரித்தால் பிரதி லண்டன் பிஷப்பின் ஃபுல்ஹாம் அரண்மனை நூலகத்தில் இருக்கிறது. நகலெடுத்து 1856ல் அச்சிட்டார்கள். மூலப் பிரதி 1897ல்தான் மசாசூசெட்ஸுக்குத் திரும்பியது, இன்று மாநில நூலகத்தின் பொறுப்பில் இருக்கிறது.

அந்தப் பிரதியின் கடைசியில், கப்பலில் வந்தவர்களைக் குடும்பம் குடும்பமாக எழுதிய பட்டியல் இருக்கிறது. முதல் குடும்பம் கார்வருடையது: அவர், மனைவி கேத்தரின், டிசையர் மின்டர் என்ற பெண், ஹவ்லண்ட் உள்ளிட்ட இரண்டு வேலையாட்கள், வில்லியம் லேதம் என்ற பையன், ஒரு வேலைக்காரப் பெண், அவர்கள் பொறுப்பில் விட்டிருந்த ஒரு குழந்தை. மகள் என்று யாரும் இல்லை. கொஞ்சம் கீழே வந்தால் ஜான் டில்லி, அவர் மனைவி, அவர்கள் மகள் எலிசபெத். அம்மாவின் பெயர்கூட எழுதவில்லை, 'மனைவி', அவ்வளவுதான். முப்பது வருஷம் கழித்து யார் யார் என்ன ஆனார்கள் என்று பிராட்ஃபோர்ட் மறுபடி ஒரு சுற்று வருகிறார். கார்வரின் வேலையாள் ஜான் ஹவ்லண்ட், ஜான் டில்லியின் மகள் எலிசபெத்தை மணந்தார், இருவரும் உயிரோடு இருக்கிறார்கள், பத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், மூத்த மகளுக்கு நாலு, இரண்டாவது மகளுக்கு ஒன்று, ஆகப் பதினைந்து பேர் என்று கூட்டிக்கூடப் போட்டிருக்கிறார். டில்லி குடும்பத்துக்கு வரும்போது, கரையேறிய கொஞ்ச நாளில் கணவன் மனைவி இருவரும் இறந்தார்கள் என்கிறார். அந்த ஒரு வரியால் அந்தப் பெண்ணுக்கு அப்பா அம்மா திரும்பக் கிடைத்தார்கள். பரியல் ஹில்லிலும் பிற்பாடு வேறு கல் வைத்தார்கள், அதில் ஜான் டில்லியின் மகள் என்றே இருக்கிறது.

பிராட்ஃபோர்ட் எழுதாமல் விட்ட அம்மாவின் பெயர், 1970களில் இங்கிலாந்துத் தேவாலயப் பதிவேடுகளைத் துருவியவர்களின் உழைப்பால் உறுதியானது. பெட்ஃபோர்ட்ஷயரில் ஹென்லோ என்ற கிராமம். ஜான் டில்லி அங்கே 1596ல் ஜோன் என்ற விதவையை மணக்கிறார். பிறந்த வீட்டுப் பெயர் ஹர்ஸ்ட், முதல் கணவர் தாமஸ் ராஜர்ஸ். இங்கே கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் மேஃப்ளவரிலேயே ஒரு தாமஸ் ராஜர்ஸ் வந்தார், அவர் வேறு ஆள். எலிசபெத்துக்கு ஞானஸ்நானம் 1607 ஆகஸ்ட் 30. இந்தத் தேதியை எலிசபெத்தே உறுதி செய்கிறார் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். 1686 டிசம்பரில் ஸ்வான்சி ஊரில், மகள் லிடியாவின் வீட்டில் இருக்கும்போது, எலிசபெத் உயில் எழுதுகிறார். தனக்கு வயது எழுபத்தொன்பது என்று அதில் சொல்கிறார். கழித்துப் பாருங்கள், 1607.

அந்த உயிலைப் படிக்கப் படிக்க எனக்கு அலுக்கவே இல்லை. ஒரு மகனுக்கு ஐந்து பவுண்டு, ஒரு புத்தகம், ஒரு ஜோடி விரிப்பு, தலையணை உறை. இன்னொரு மகனுக்கு எடை பார்க்கும் தூக்குக்கோல். ஜேபஸ் என்ற மகனுக்கு இறகு மெத்தை, பெரிய இரும்புப் பானை, அதை அடுப்பின் மேல் மாட்டும் கொக்கி. கடைசிக் காலத்தில் வைத்துப் பார்த்துக்கொண்ட லிடியாவுக்கு உள்ளதிலேயே நல்ல மெத்தை, பச்சை நிறக் கம்பளம், சின்ன அலமாரி, சின்னப் பித்தளைக் கெண்டி, சின்ன பைபிள். யாருக்கு எது போக வேண்டும் என்று எழுபத்தொன்பது வயதில் பொருள் பொருளாக நினைத்துப் பார்த்துப் பிரித்திருக்கிறார். அடுத்த வருஷம் டிசம்பரில் இறந்தார்.

ஹவ்லண்டைப் பற்றி எல்லாரும் சொல்வது, நடுக்கடலில் புயலில் கப்பலிலிருந்து தவறி விழுந்து, வெளியே தொங்கிய பாய்மரக் கயிற்றைப் பிடித்துத் தப்பித்த கதை. உண்மைதான், பிராட்ஃபோர்டே எழுதியிருக்கிறார். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. 1620 டிசம்பர் 6ஆம் தேதி, குடியேற இடம் தேடி ஒரு சின்னப் படகில் கிளம்பியவர்களின் பெயர்கள் அடுத்த சில வருஷங்களில் அச்சான ஒரு விவரணையில் இருக்கின்றன. அதில் ஜான் டில்லி, அவர் தம்பி எட்வர்ட் டில்லி, ஜான் ஹவ்லண்ட் மூவரும் இருக்கிறார்கள். குளிர் தாங்காமல் எட்வர்ட் மயங்கி விழப் பார்த்தார் என்றும் எழுதியிருக்கிறது. துணியில் பட்ட கடல்நீர் உறைந்து போகும் குளிர். பின்னாளில் மாமனார் மருமகன் உறவாகப் போகிறவர்கள் அந்த ஒரே படகில் உட்கார்ந்திருக்கிறார்கள், மாமனார் அடுத்த வசந்தத்தைப் பார்க்கப் போவதில்லை. கப்பலில் வந்த 102 பேரில் ஏறக்குறையப் பாதிப் பேர் அந்தக் குளிர்காலத்தில் இறந்தார்கள். ஆளுநர் கார்வரும் 1621 ஏப்ரலில் வயலிலிருந்து தலைவலியோடு திரும்பி வந்து சில நாளில் போய்ச் சேர்ந்தார், அவர் மனைவியும் அடுத்த சில வாரங்களில்.

அடுத்த காகிதம் 1627ஆம் வருஷத்துக் கால்நடைப் பாகப்பிரிவினை. அதுவரை பொதுவில் இருந்த மாடு ஆடுகளை மே 22 அன்று பன்னிரண்டு பங்காகப் போட்டார்கள், பங்குக்குப் பதின்மூன்று பேர். பச்சைக் குழந்தை வரை எல்லாருக்கும் பங்கு என்பதால், இதைவிட நல்ல குடும்ப அட்டை அந்தக் காலத்துக்குக் கிடையாது. நாலாவது பங்கில் ஜான் ஹவ்லண்ட், மனைவி எலிசபெத், மகன் ஜான், மகள் டிசையர். அவர்களுக்கு விழுந்த கிடாரியின் பெயர் ராக்ஹார்ன் என்று பதிவேட்டில் இருக்கிறது. சம்பந்தியம்மா அதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சந்தோஷமாக இருந்தார், நானும்தான். மாட்டின் பெயர் முதற்கொண்டு எழுதி வைத்த கை, டில்லியின் மனைவி பெயரையும் எழுதி வைத்திருக்கலாம்.

டிசையர்தான் எங்களுக்கு வேண்டிய கண்ணி. கார்வர் வீட்டில் கூட இருந்த டிசையர் மின்டரின் நினைவாக வைத்த பெயர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. டிசையர் ஜான் கோர்ஹாம் என்பவரை மணந்தார், பின்னால் கேப் காட் பக்கம் பார்ன்ஸ்டபிளில் வாழ்ந்தார்கள். எலிசபெத்தின் உயிலை மட்டும் பார்ப்பவருக்கு டிசையர் என்று ஒரு மகள் இருந்ததே தெரியாது. காரணம் எளிது, அம்மா உயில் எழுதுவதற்கு மூன்று வருஷம் முன்பே மகள் இறந்துவிட்டார். ஆனால் அப்பா ஹவ்லண்டின் உயில் 1672 மே மாதம் எழுதியது. அதில் மகன்களுக்கெல்லாம் நிலம், மகள்களுக்கு ஆளுக்கு இருபது ஷில்லிங், அந்த வரிசையில் முதல் பெயர் டிசையர் கோர்ஹாம். கல்யாணமான பெயரோடு, மகள் என்று அப்பா வாயாலேயே. இதற்கு மேல் என்ன வேண்டும்? ஒரு உயிலில் பெயர் இல்லை என்பதற்காக யாரையும் குடும்பத்திலிருந்து தள்ளிவிடக் கூடாது.

தேதிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஹவ்லண்ட் இறந்தது பிப்ரவரி 23, 1672/3 என்று சாய்கோடு போட்டு எழுதுவார்கள். அப்போது ஆங்கிலேயரின் புத்தாண்டு மார்ச் 25, அதனால் பிப்ரவரி பழைய வருஷத்தோடு சேர்ந்தது. 1752ல்தான் ஜனவரிக்கு மாற்றினார்கள். இது தெரியாமல் இணைய வலையில் வம்சாவளி மரம் போடுகிறவர்கள், உயிலுக்கு முன்னாலேயே ஆளைச் சாகடித்துவிடுகிறார்கள்.

ஜான் கோர்ஹாம் பற்றியும் காகிதங்கள் நிறையச் சொல்கின்றன, படிக்கக் கஷ்டமானவை. 1675 டிசம்பர் 19 அன்று ரோட் ஐலண்டின் சதுப்பு நிலத்தில் நாரகான்செட் என்ற பூர்வகுடி மக்களின் குளிர்காலக் குடியிருப்பை நியூ இங்கிலாந்துப் படைகள் தாக்கின. குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள், பெண்களும் குழந்தைகளும் கிழவர்களும் உட்பட நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். கோர்ஹாம் அதில் கேப்டன். சில வாரங்களில் அவரும் காய்ச்சல் கண்டு ஸ்வான்சியில் இறந்தார். அறுபது வருஷம் கழித்து, 1730களில், அந்தப் போரில் சண்டை போட்டவர்களுக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும் அரசு ஊர் ஊராக நிலம் கொடுத்தது. அதில் நாரகான்செட் நம்பர் 7 என்ற பகுதிதான் இன்று மெய்ன் மாநிலத்தில் உள்ள கோர்ஹாம் ஊர், கேப்டன் பெயரே நிலைத்துவிட்டது. சம்பந்தியின் முன்னோர் கேப் காட்டிலிருந்து அங்கேதான் குடிபோனார்கள். பிளிமத்தே பட்டுக்செட் என்ற, வாம்பனோவாக் பூர்வகுடிகளின் ஊர் இருந்த இடம். 1616லிருந்து 1619 வரை வந்த கொள்ளைநோயில் அந்த ஊரே அழிந்து கிடந்த இடத்தில்தான் இவர்கள் வீடு கட்டினார்கள். இதையெல்லாம் பேத்திக்கு எழுதும் கோப்பில் சேர்க்க வேண்டுமா என்று நான் தயங்கவில்லை, சம்பந்தியம்மாவும் தயங்கவில்லை. கயிற்றைப் பிடித்துத் தப்பியவர் எங்கள் ஆள் என்றால், தீ வைத்த படையில் இருந்தவரும் எங்கள் ஆள்தான்.

இனி கஷ்டமான பகுதி. வெளியிலிருந்து பார்த்தால் 1620தான் இருட்டு, பக்கத்தில் வர வர வெளிச்சம் என்று தோன்றும். நடந்தது நேர்மாறு. மேஃப்ளவர் குடும்பங்களின் முதல் ஐந்து தலைமுறையை ஆராய்ச்சியாளர்கள் அலசி அச்சிட்டு வைத்திருக்கிறார்கள், வெள்ளி நிற அட்டை போட்ட தொகுதிகள். இந்தப் பக்கம் 1850க்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்கில் வீட்டிலுள்ள அத்தனை பேர் பெயரும் வரும். நடுவில் மாட்டிக்கொள்வது 1790லிருந்து 1840 வரை. அந்தக் கணக்கெடுப்புகளில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான், மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. பெண் என்றால் கட்டத்தில் ஒரு கோடு. நிலப் பத்திரத்தில் பிடிக்கலாம் என்றால், 1827ல் பார்ன்ஸ்டபிள் நீதிமன்றக் கட்டடம் எரிந்ததில் பத்திரப் புத்தகங்கள் ஏறக்குறைய எல்லாமே போய்விட்டன. பதிவுத்துறையில் இருந்தவனுக்கு அதைக் கேட்கவே வயிற்றைப் பிசைந்தது.

எங்களுக்கு விடுபட்டது ஒரு பெண். கணவர் பெயர் தெரியும், பிள்ளைகள் பெயர் தெரியும், அவர் யார் மகள் என்பது தெரியவில்லை. வலையில் அவருக்கு ஒரு அப்பாவைப் பலரும் போட்டிருந்தார்கள், ஒருவரைப் பார்த்து ஒருவர் போட்டது, அடியில் ஒரு காகிதமும் கிடையாது. ஏற்றுக்கொண்டிருந்தால் அன்றைக்கே வேலை முடிந்திருக்கும், கார்வர் கதையும் அப்படித்தானே நிலைத்தது. பழைய காலத்தில் இதைக் காசுக்கே செய்தவர்கள் உண்டு. குஸ்டாவ் அன்ஜூ என்று ஒரு ஆள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பணக்காரக் குடும்பங்களுக்குப் போலி வம்சாவளி தயாரித்துக் கொடுத்தார், அந்தப் பொய்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

கைகொடுத்தது ஓய்வூதியக் கோப்பு. புரட்சிப் போரில் சண்டையிட்டவர்களின் விதவைகளுக்கு 1836லும் 1838லும் வந்த சட்டங்கள் ஓய்வூதியம் கொடுத்தன. ஆனால் கல்யாணம் நடந்ததை நிரூபிக்க வேண்டும். சான்றிதழ் எங்கே இருக்கும்? குடும்ப பைபிளின் நடுவில் பிறப்பு, கல்யாணம், இறப்பு எழுதும் பக்கங்கள் இருக்கும், அதைக் கிழித்து மனுவோடு வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். அந்தப் பக்கங்கள் இன்றும் தேசிய ஆவணக் காப்பகத்துக் கோப்புகளில் இருக்கின்றன. எங்கள் கோப்பில் இருந்தது ஒரே ஒரு தாள். இடது ஓரத்தில் தையல் பிரிந்த ஓட்டைகள், பிள்ளைகள் பெயர்கள் ஒவ்வொன்றும் வேறு வேறு மையில், இரண்டு பெயருக்கு எதிரே சிறு வயதிலேயே இறந்த தேதி. அதில்கூட அவருடைய பிறந்த வீட்டுப் பெயர் இல்லை. கூடவே ஒரு வாக்குமூலம் இருந்தது. பக்கத்து வீட்டுக் கிழவி ஒருவர் நீதிபதி முன்னால் சத்தியம் செய்து, இவளைச் சின்ன வயதிலிருந்து தெரியும், இன்னார் மகள், கல்யாணத்துக்கு நானே போயிருந்தேன் என்று சொல்லி, கையெழுத்து போடத் தெரியாமல் ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறார். அந்த அப்பாவின் பெயரை வைத்துக்கொண்டு தேடினால் அவருடைய உயிலிலும் இந்த மகள் வருகிறார். வலையில் எல்லாரும் போட்டிருந்தவர் இவர் இல்லை, இவருடைய அண்ணன். கண்ணி சேர்ந்துவிட்டது.

இப்போது தலைமுறைக்கு மூன்று காகிதம் என்ற கணக்கில் எல்லாவற்றையும் அடுக்கி, மேஃப்ளவர் வாரிசுகளின் சங்கத்துக்கு விண்ணப்பம் அனுப்பியிருக்கிறோம். சங்கத்துக்கு ஹவ்லண்ட் வரை காட்டினால் போதும். வீட்டுக் கோப்பு அங்கே நிற்கவில்லை. அதில் ஜான் டில்லி, ஜோன் ஹர்ஸ்ட் இரண்டு பெயரும், இருவரும் முதல் குளிர்காலத்தில் இறந்தவர்கள் என்ற குறிப்போடு, சம்பந்தியம்மா கைப்பட எழுதியது. ஜோனுடைய பிள்ளைகளில் ராபர்ட் என்ற மகன், எலிசபெத்துக்கு அண்ணன், கப்பலேறாமல் இங்கிலாந்திலேயே தங்கி, பெட்ஃபோர்டில் கல்யாணம் செய்துகொண்டார். அந்தக் கிளையைப் பிடித்துக் கீழே இறங்கி வரும் வேலையைத்தான் இந்தக் கோடையில் தொடங்கியிருக்கிறோம்.